ஆண்டிமடத்துக்கு அடியில்

காவிரிப் படுகையின் நரிமணத்துக் கச்சா எண்ணெய் எந்தப் பாறையில் பிறந்தது? இந்தக் கேள்வியோடு நான் முதலில் திறந்தது ஹென்றி பிளான்ஃபோர்டின் 1862-ஆம் ஆண்டு நிலவியல் அறிக்கையை. அவர் தேடியது எண்ணெயை அல்ல. ஆனால் அன்றைய திருச்சினாப்பள்ளி ஜில்லாவின் கடற்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று வரிசைகள் இன்றும் வழிகாட்டுகின்றன.

மூலப்பாறை என்பது எண்ணெய் தங்கும் பாறை அல்ல, பிறக்கும் பாறை. உயிர்களின் எச்சம் மட்காமல் சேற்றில் புதைந்து, கெரோஜன் என்னும் கரிமப்பொருளாகி, பூமியின் சூட்டில் எண்ணெயாகவும் வாயுவாகவும் பிரியும். அத்தகைய பாறை பெரும்பாலும் கறுத்திருக்கும்.

பெரம்பலூர் மாவட்டம் காரையில் ஊட்டத்தூர் வரிசையின் களிப்பாறை, மழை அரித்த மொட்டை மேடுகளாகக் கிடக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய கடற்சேறு. குனிந்தால் துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகள் கிடைக்கும். கணவாயின் தூரத்து உறவு. நிறமோ மஞ்சளும் பழுப்பும். ‘மூலப்பாறை அல்ல’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். காலடியில் கண்ணாடிச் சில்லுகளாக மின்னிய ஜிப்சம்தான் யோசிக்க வைத்தது. களிப்பாறையில் இருக்கும் பைரைட் என்னும் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, சுண்ணாம்போடு சேர்ந்தால் ஜிப்சம் விளையும். பைரைட்டைத் தின்ற அதே ஆக்சிஜன் கரிமத்தை மட்டும் விட்டுவைக்குமா? ஆக, வெளுத்துப்போன மேல்தோலை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நிறத்தை விடுவோம், சூடும் வேண்டுமே. எண்ணெய் பிரிய ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் தேவை. படுகையின் விளிம்பில் இருக்கும் காரைக்கு அந்த ஆழம் வாய்க்கவில்லை.

கிழக்கே வாய்த்தது. காரைக் களிப்பாறைக்கு ஏறக்குறைய சமகாலத்ததான சாத்தப்பாடிக் களிப்பாறையும், அதற்கும் கீழேயுள்ள ஆண்டிமடம் படிவும் அங்கே ஆழத்தில் புதைந்துள்ளன. காவிரிப் படுகையின் முக்கிய மூலப்பாறைகளாக எண்ணெய் நிலவியலாளர்கள் சொல்வது இவற்றைத்தான்.

பெயரை நம்பி அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்துக்குப் போனேன். செம்மண், முந்திரித் தோப்பு. படிவு இருப்பதோ துரப்பணக் குழாய் மட்டுமே எட்டும் ஆழத்தில். பக்கத்து ஜெயங்கொண்டத்துப் பழுப்பு நிலக்கரியை எண்ணெயின் தாய் என்பவர்கள் உண்டு. அது மிகப் பிந்தியது, சூடு காணாதது.

ஆண்டிமடம் படிவின் கெரோஜனில் கணிசமான பங்கு நிலத் தாவரங்களுடையது. கடலையே பார்த்துக்கொண்டிருந்த நான், நிலத் தாவரங்களின் தடம் தேடி மேற்கே திரும்பி, காரைக்குப் பக்கத்துத் தெரணி களிமண் குழிக்குப் போனேன். வெளிறிய களிக்கட்டியை நகத்தால் பிளந்தேன். உள்ளே இறகு போன்ற டைலோஃபில்லம் இலை. கரிமம் போய்விட்டது, நரம்பு மட்டும் பதிந்திருந்தது.