லண்டனுக்குப் போன பச்சைக்கிளி

லண்டன் போய்விட்டு வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். டவர் பிரிட்ஜ், மெழுகுச் சிலை மியூசியம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் ஆச்சரியத்தோட இன்னொரு விஷயமும் சொல்வாங்க. "பார்க்ல நம்ம ஊர்ப் பச்சைக்கிளி கூட்டம் கூட்டமா பறக்குதுங்க. ஆப்பிள் துண்டை நீட்டினா கையிலயே வந்து உட்காருது!"

உண்மைதான். கென்சிங்டன் தோட்டத்தில் இது தினசரிக் காட்சி. ஏதோ வெளிநாட்டு ஜாதி என்று நினைக்க வேண்டாம், அச்சு அசல் நம்ம கிளியேதான். பச்சை உடம்பு, சிவந்த மூக்கு, நீள வால், வளர்ந்த ஆண் கிளிக்கு மட்டும் கழுத்தில் கறுப்பும் ரோஸும் கலந்த ஆரம். பறவை ஆர்வலர்கள் இதை 'செந்தார்ப் பைங்கிளி' என்பார்கள். பிரிட்டனில் மட்டும் சுமார் 12,000 ஜோடிகள் கூடு வைத்து வாழ்வதாகக் கணக்கு. பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், ரோம் என்று ஐரோப்பாவின் பல பெரிய நகரங்களிலும் இதே கீச்சுக் கீச்சுதான்.

வேடந்தாங்கலுக்கு வருகிற மாதிரி வலசை போன பறவையா என்றால், அதுவும் கிடையாது. பச்சைக்கிளிக்கு வலசைப் பழக்கமே இல்லை. பிறந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் எப்படி 6,000 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போச்சு?

கூண்டில் போச்சு. ஐரோப்பிய நகரத்து மரத்தில் ஒரு கிளி இருந்தால், எங்கேயோ ஒரு கூண்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கூண்டின் வரலாறுதான் இன்றைய விஷயம்.

பேசும் பறவை

ஆரம்பம் கி.மு. 400-ஐ ஒட்டி. பாரசீக அரசவையில் டெசியாஸ் என்று ஒரு கிரேக்க வைத்தியர் இருந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. கேள்விப்பட்டதை எல்லாம் சேர்த்து இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். (அந்தக் காலத்திலேயே இப்படி ஆட்கள் உண்டு!) அதில் மனிதக் குரலில் பேசும் ஒரு பறவை வருகிறது. அது இந்திய மொழி பேசுமாம், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தால் கிரேக்கமும் பேசுமாம். மேற்குலகத்துக்குக் கிடைத்த முதல் கிளிச் செய்திகளில் இது ஒன்று.

அடுத்து அலெக்சாண்டர். பஞ்சாப் வரை வந்துவிட்டுத் திரும்பியபோது அவருடைய ஆட்கள் கிளிகளையும் கொண்டு போனதாகச் சொல்வார்கள். தோளில் சிவப்புத் திட்டுள்ள நம்ம பெரிய கிளிக்கு ஆங்கிலத்தில் 'அலெக்ஸாண்ட்ரைன்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

ரோமாபுரியில் கிளி பணக்கார வீட்டு அந்தஸ்தாகவே ஆகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்த தகவலைக் கேளுங்கள். இந்தியாவிலிருந்து வரும் இந்தப் பறவை பச்சை நிறம், கழுத்தில் சிவப்பு வளையம், பேரரசருக்கு வணக்கம் சொல்லும், ஒயின் குடித்தால் ஒரே கும்மாளம். பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி? மண்டை கெட்டியாக இருப்பதால் இரும்புக் கம்பியால் தலையில் தட்ட வேண்டுமாம்! இது போதாதென்று, ரோமானிய சமையல் நூல் ஒன்றில் பூநாரைக்குச் சொன்ன செய்முறையைக் கிளிக்கும் செய்யலாம் என்று ஒரு குறிப்பு வேறு. கொஞ்சுவதும் அடிப்பதும் தின்பதும் ஒரே பறவையைத்தான்.

நம்ம கணக்கு

ரோமானியரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நம்ம பக்கமும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்துப் பெண்களுக்கு முக்கியமான வேலை, தினைப்புனத்தில் கிளி விரட்டுவது. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 'கிள்ளைப் பத்து' என்று தனியாகப் பத்துப் பாட்டே இருக்கிறது. கதிர் கொத்துகிற திருடன் என்றாலும் கிளி மேல் கோபம் நிற்காது. ஏனென்றால் அதை விரட்டுகிற சாக்கில்தானே காதலனைப் பார்க்க முடியும்!

பிறகு கிளி கோயிலுக்குள் வந்தது. மதுரை மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. அருணகிரிநாதர் கிளியாகிப் போனார் என்ற கதையில் திருவண்ணாமலையில் ஒரு கோபுரத்துக்கே 'கிளி கோபுரம்' என்று பேர்.

இதில் இரண்டு கோயில்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரைக் கோயிலில் 'கிளிக்கூண்டு மண்டபம்' என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் உயிருள்ள கிளிகளை வைத்து மீனாட்சி பேரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆண்டாள் கைக்குத் தினமும் புதுக் கிளி. அது இலைக் கிளி! மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம் பூவில் மூக்கு. இன்றைக்குச் செய்தது நாளைக்கு வாடிவிடும், நாளைக்கு வேற செய்வார்கள். கிளியை நேசிக்க இரண்டு வழிகளும் நம்மிடமே இருந்திருக்கின்றன. பெருவாரியான வீடுகள் முதல் வழியைத்தான் பிடித்துக்கொண்டன என்பதுதான் சங்கடம்.

கப்பல் ஏறிய கிளி

வெள்ளைக்காரர்கள் இந்தியாவை ஆண்ட காலத்தில் ஊர் திரும்புகிறவர்களோடும் மாலுமிகளோடும் கிளிகளும் கப்பல் ஏறின. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வரவேற்பறைக் கூண்டில் கிளி ஒரு நாகரிகம். கூண்டு அதிகமானால் தப்பிப்பதும் அதிகமாகும் இல்லையா? 1855-லேயே நார்ஃபோக் பகுதியில் இந்தக் கிளி கூடு வைத்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தவை நிலைக்கவில்லை. நிலையான கூட்டமாக வேர்விட்டது 1969 வாக்கில்தான்.

இதற்கு லண்டன்காரர்கள் சொல்லும் கதைகள் சுவாரசியமானவை. 'தி ஆப்பிரிக்கன் குயின்' (1951) படத்தின் ஷூட்டிங்குக்கு ஐல்வொர்த் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்த கிளிகள் தப்பிவிட்டன என்பது ஒன்று. கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1960-களில் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பது இன்னொன்று.

2019-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கதைகளை உட்கார்ந்து சோதித்தார்கள். தொடர் கொலைகாரன் எங்கே குடியிருப்பான் என்று சம்பவ இடங்களை வைத்துப் போலீஸ் கணிக்கும் முறை ஒன்று உண்டு. கிளிகள் தென்பட்ட இடங்களை எல்லாம் அதே முறையில் போட்டுப் பார்த்தார்கள். ஸ்டுடியோவும் வரவில்லை, கார்னபி தெருவும் வரவில்லை. பல காலமாக, பல இடங்களில், பலர் வீட்டிலிருந்து தப்பியதும் விடப்பட்டதும்தான் காரணம் என்று முடிவு. பிரபலங்களைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது சாதாரண ஜனங்கள்.

அந்தச் சாதாரண ஜனங்கள் ஏன் கூண்டைத் திறந்தார்கள்? பழைய செய்தித்தாள்களைப் புரட்டியபோது ஒரு காரணம் அகப்பட்டது: பயம். 1929-30-ல் 'கிளிக் காய்ச்சல்' உலகம் முழுக்கப் பீதியைக் கிளப்பியது. கிளியிடமிருந்து மனிதனுக்குத் தொற்றி நிமோனியா மாதிரி ஆளைச் சாய்க்கும் நோய். இன்றைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடும். அன்றைக்கு அந்த மருந்து கிடையாது. 1930-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கிளி இறக்குமதிக்குத் தடை போட்டன. அதுவரை "என் செல்லம்" என்று முத்தம் கொடுத்த பறவை ஒரே வாரத்தில் எமனாகிவிட்டது. கொல்ல மனசு வராதவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

சில இடங்களில் அழகுக்காகவே விட்டார்கள். 1974-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து சுமார் 40 கிளிகள் பறக்கவிடப்பட்டன, நகரம் கொஞ்சம் கலர்ஃபுல்லாக இருக்கட்டும் என்று. இன்றைக்கு அவற்றின் வாரிசுகள் ஆயிரக்கணக்கில்.

பெரிய கொள்ளை நடந்தது பின்னால்தான். 1980-களிலிருந்து ஐரோப்பாவுக்கு இறக்குமதியான செந்தார்ப் பைங்கிளிகள் 1 லட்சத்துக்கும் மேல். 1990-களின் தொடக்கத்தில் இந்தியா பறவை வியாபாரத்தைத் தடை செய்தது. பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் காட்டுப் பறவை இறக்குமதியை நிறுத்தி, 2007-ல் அதை நிரந்தரமாக்கியது. அதற்குள் வேர் ஆழமாகப் போய்விட்டது. 2015-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, ஐரோப்பியக் கிளிகளின் பூர்வீகம் பெரும்பாலும் பாகிஸ்தானும் வட இந்தியாவும் என்று காட்டியது. இமயமலை அடிவாரக் குளிரைப் பார்த்த பரம்பரை, லண்டன் குளிருக்கா அசரும்? தோட்டத்துக்குத் தோட்டம் மனிதர்கள் தொங்கவிடும் தீனி வேறு.

வந்த இடத்தில்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிக்கு மரப்பொந்து வேணும், புதுசாகத் துளைக்கத் தெரியாது. இருக்கிற பொந்தைப் பிடித்து வேண்டுமானால் பெரிசாக்கிக்கொள்ளும். ஸ்பெயினில் செவில் நகரப் பூங்கா ஒன்றில் பொந்துகளில் ஒரு அரிய பெரிய வௌவால் இனம் குடியிருந்தது. கிளிகள் அவற்றைக் கொத்தி விரட்டின, சிலவற்றைக் கொன்றும்விட்டன. 14 ஆண்டுகளில் வௌவால் இருந்த மரங்கள் 81 சதவிகிதம் குறைந்துவிட்டன என்று ஆய்வு சொல்கிறது. இப்போது ஐரோப்பாவில் சில இடங்களில் கிளிக்குப் பேர் 'ஆக்கிரமிப்பாளர்'. சுட்டுத் தள்ளலாமா என்று விவாதம் நடக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அது விசா வாங்கிப் போகவில்லை. பொந்திலிருந்து குஞ்சாகத் திருடி, விற்று, பயந்தபோது துரத்திவிட்டு, பிழைத்துக்கொண்டதும் "நீ யார் இங்கே?" என்று கேட்கிறோம்.

வீட்டில் என்ன நிலைமை?

சரி, அதன் சொந்த ஊரில்? சென்னையில் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு மேலே பார்த்தால் கூட்டமாகப் பறந்து போகும். நகரத்துக்குள் மொட்டை மாடியில் அரிசி வைத்து ஆயிரக்கணக்கான கிளிகளுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூண்டு இல்லாமலும் கிளி வளர்க்கலாம் என்பதற்கு இதுதான் சாட்சி.

கூண்டும் போகவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் 1991 திருத்தத்தோடு முழுசாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். 2022 திருத்தத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம், சிறையும் அபராதமும் உண்டு. "எங்க பாட்டி காலத்துல இருந்து வளர்க்கிறோமே" என்பதெல்லாம் செல்லாது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம் கடலூரில், ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று சொன்ன கிளி ஜோசியக்காரரை வனத்துறை பிடித்துக் கிளிகளைப் பறிமுதல் செய்தது ஞாபகம் இருக்கலாம். அரசியலா, சட்டமா என்று ஊரே சண்டை போட்டது. சீட்டு எடுத்த கிளியின் சிறகு வெட்டியிருந்ததா என்று யாரும் பெரிசாகக் கேட்கவில்லை.

ஒரு குஞ்சு சந்தைக்கு வரும் கதை இதுதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடு வைக்கும் காலம். மரம் ஏறிப் பொந்தில் கையை விட்டு, இறகு முளைக்காததை எடுப்பார்கள். பையிலும் கூடையிலும் அடைத்து ரயிலிலும் பஸ்ஸிலும் போகும்போதே பல செத்துவிடும். பிழைத்ததில் ஒன்றுதான் உங்கள் வீட்டில் "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவது. கூட்டமாக வாழ்கிற பறவைக்குக் கூண்டுக்குள் வேறு கிளி இல்லை, அதனால் மனிதனைத் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. இப்படியே 25 வருஷம்கூட இருக்கும். நாம் அதைப் பாசம் என்கிறோம்.

வளர்த்தே தீரவேண்டும் என்கிறவர்களுக்கு, கூண்டிலேயே பல தலைமுறையாகப் பிறந்து வளரும் ஆஸ்திரேலியக் குருவிக் கிளிகள் (நம்ம ஊரில் எல்லாரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது) சட்டப்படி தடையில்லாதவை. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி பெரிய வெளிநாட்டு இனங்களுக்கு 2024 விதிகளின்படி அரசிடம் பதிவு கட்டாயம். இரண்டிலும் ஒரு விஷயம் பொது. வெறும் விதை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறைந்து நோய் வரும். கீரை, பழம், காய் எல்லாம் வேணும். அதைவிட முக்கியமாகப் பறக்க இடமும் துணைக்கு இன்னொரு பறவையும் வேணும்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் யாரும் கூண்டைத் திறந்து ஜன்னல் வழியாகப் பறக்கவிட்டுவிடாதீர்கள். சிறகு வெட்டின கிளியை, கையில் ஊட்டி வளர்ந்த கிளியை, தெருவில் முதல் காக்காவே முடித்துவிடும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாட்டுக் கிளி இருந்தால் வனத்துறையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். இறகு முளைக்கும்வரை வைத்திருந்து, பறக்கப் பழக்கி, கூட்டத்தோடு சேர்க்கிற வேலை அது. மாசக்கணக்கில் ஆகும். பிடிப்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.