ஒலி அட்டையின் வரலாறும் குரலின் பதிவும்

தனி ஒலி அட்டைக்கும், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையிலேயே அமைந்த ஒலிச் சில்லுக்கும் இடையிலான போட்டி 2000-களிலேயே முடிந்துவிட்டது என்பது கணினி வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. முதலில் அட்டை இன்றியமையாததாக இருந்தது, பிறகு தாய்ப்பலகையே போதும் என்றானது, அட்டை அருகிப்போனது. இக்கதை பிழையன்று. ஆனால் அது பாதிக் கதை.

ஒலி அட்டைக்கு இரண்டு பணிகள் உண்டு. எண்களை ஒலியாக்கித் தருவது ஒன்று. வெளியிலிருந்து வரும் ஒலியை எண்களாக்கிச் சேமிப்பது மற்றொன்று. முன்னது கேட்பவருக்கானது, பின்னது பேசுபவருக்கானது. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் முன்னதை அளவுகோலாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. மொழியியலுக்கு வேண்டியதோ பின்னது.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினியில் ஒரு சிறிய ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. அதனால் 'பீப்' ஒலி எழுப்ப முடிந்தது. குரலைப் பதிய வழியில்லை. 1987-இல் கனடாவின் கியூபெக் நகரிலிருந்து ஆட்லிப் அட்டை வந்தது. அதை உருவாக்கிய மார்ட்டின் பிரெவெல், லாவால் பல்கலைக்கழகத்தின் முன்னாள் இசைப் பேராசிரியர். யமாஹா நிறுவனத்தின் ஒய்எம்3812 சில்லு அதில் ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களில் செயற்கை இசையை எழுப்பியது. விளையாட்டுகளுக்கு இசை கிடைத்தது. ஆயினும் ஆட்லிப்பும் காது இல்லாத வாயே.

காது சிங்கப்பூரிலிருந்து வந்தது. சிம் வோங் ஹூ 1981-இல் தொடங்கிய க்ரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், சீன மொழியைக் கையாளவும் பேச்சொலி எழுப்பவும் வல்ல கணினிகளை உருவாக்க முயன்றது. அக்கணினிகள் சந்தையில் எடுபடவில்லை. ஆனால் அவற்றுக்காகச் செய்த ஒலி ஆய்வு வீண்போகவில்லை. அதன் வழியில் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் பிறந்தது. ஆட்லிப்பின் அதே யமாஹா சில்லுடன் ஒலிவாங்கிக்கான உள்ளீடும் அதில் இருந்தது. ஒரு மொழியைக் கணினியில் பேசவைக்கும் முயற்சியிலிருந்தே உலகம் முழுதும் பரவிய ஒலி அட்டை கிளைத்தது என்பது மொழியியலார் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

அந்த அட்டையின் அளவுகளைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒலிக்கும்போது அது நொடிக்கு ஏறத்தாழ 23,000 மாதிரிகளைக் கையாண்டது. பதியும்போது 12,000 மட்டுமே. கேட்பவருக்குக் கொடுத்ததில் ஏறத்தாழப் பாதியே பேசுபவருக்குக் கிடைத்தது. மாதிரி வீதத்தின் பாதி அளவுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பதிவில் நில்லா என்பது மாதிரியெடுப்பின் அடிப்படை விதி. எனவே 6,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் அதில் பதியாது. உயிரொலிகளை இனங்காண அந்த எல்லை போதும். உரசொலிகளுக்குப் போதாது, ஸகரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும் பரவியிருக்கும். நீலகிரியின் தோடா மொழியோ பல்வகை ஸகர, ஷகர ஒலிகளை நாவின் இடத்தாலும் வடிவாலும் நுட்பமாக வேறுபடுத்துவது. அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி அக்கருவியின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். மேலும் 8 பிட் பதிவின் வீச்சு ஏறத்தாழ 48 டெசிபெல். மெல்லிய ஒலிகள் இரைச்சலில் அமிழ்ந்தன.

1992-இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 இக்குறைகளைப் பெரிதும் நீக்கியது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது குறுந்தகட்டின் அளவு, சாதாரணக் கணினியின் மேசைக்கு வந்தது. அதுவரை பேச்சொலியின் நிறமாலையைக் காண விலையுயர்ந்த சோனகிராஃப் போன்ற கருவிகளைக் கொண்ட ஆய்வகம் வேண்டும். 1990-களில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் பிராட் என்ற மென்பொருளை உருவாக்கினர்; பின்னர் அது இலவசமாகவே கிடைத்தது. விளையாட்டுக்காக வாங்கப்பட்ட அட்டையும் இலவச மென்பொருளும் சேர்ந்து ஒலிப்பியல் ஆய்வகத்தை மாணவரின் மேசைக்குக் கொண்டுவந்தன.

திருப்பம் 1997-இல் நேர்ந்தது. இன்டெல் வகுத்த ஏசி 97 என்னும் தரவரையறை ஒலிப்பணியை இரண்டாகப் பிரித்தது. எண் சார்ந்த வேலை கணினியின் முதன்மைச் சில்லுத் தொகுதிக்குப் போனது. ஒலியையும் எண்ணையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக்கும் வேலை கோடெக் என்னும் சிறிய மலிவான சில்லுக்குப் போனது. அட்டை செய்த கணக்கீடுகளைச் செயலியே ஏற்றது. ஒலி வசதி தனிச் செலவாக இல்லாமல் தாய்ப்பலகையின் உறுப்பாயிற்று. 2004-இல் வந்த ஹெச்டி ஆடியோ வரையறை 192 கிலோஹெர்ட்ஸ் வரை இடமளித்தது. 2007-இல் பொதுச் சந்தைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிக் கணக்கீட்டை அட்டையின் வன்பொருளுக்கு நேரே ஒப்படைக்கும் டைரக்ட்சவுண்ட் வழியை அடைத்தது. கேட்பவரைப் பொறுத்தவரை அட்டையின் தேவை ஏறக்குறைய அங்கே முடிந்தது.

பதிவின் நிலை வேறு. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலை சில மில்லிவோல்ட் அளவினது. அதைப் பலமடங்கு பெருக்கியாக வேண்டும். பெருக்கும் இடத்துக்கு அருகிலேயே மின்வழங்கியும் விசிறியும் செயலியும் இயங்குகின்றன. அவற்றின் மின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். மடிக்கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரைச்சலைத் தானே நீக்குவதும், குரலின் உரப்பைத் தானே சமன்செய்வதும் உரையாடலுக்கு உதவும். ஆய்வுக்கோ அவை தரவைத் திருத்துவதாகும். த்த, ட்ட ஆகியவற்றைப் பிரித்தறியத் துணைசெய்யும் வெடிப்பொலி சில மில்லிவினாடிகளே நீடிப்பது. குஜராத்தியின் மூச்சொலி உயிர்களில் பொருளை வேறுபடுத்துவதே குரலோடு கலந்த மூச்சுதான். இரைச்சல் நீக்கிக்கு அந்த மூச்சும் விசிறியின் ஓசையும் ஒன்றாகவே தோன்றக்கூடும்.

அப்படியாயின் தனி அட்டையே மேலானதா? அதுவும் முழு விடையன்று. 1998-இல் புகழ்பெற்ற சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டை, 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் உள்ளே 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றியே கையாண்டது. உலக ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் கூட்டமைப்பான ஐயாசா 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது: கணினிக்குள் அமர்ந்த ஒலி அட்டை, மின் இரைச்சலாலும் மலிவான சுற்றமைப்பாலும், காப்பகத் தரத்தை எட்டாது; மாற்றி கணினிக்கு வெளியே தனிக் கருவியாக இருக்க வேண்டும். குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதும் அதன் பரிந்துரை. அட்டையா, தாய்ப்பலகையா என்று உலகம் வாதிட்டுக்கொண்டிருக்க, உண்மையான எல்லைக்கோடு கணினிப் பெட்டியின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஓடியது. 1998-இல் யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கான பொது வரையறை வந்தபின் வெளிக்கருவி எளிதாயிற்று.

2020-இன் பெருந்தொற்றுக் காலம் இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. களப்பணி நின்றதால் பேச்சாளர்கள் தத்தம் கணினியிலும் கைப்பேசியிலும் பதிந்து அனுப்பினர். அதனையொட்டி நடந்த ஒப்பாய்வுகளில், குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் சிதையாமல் நின்றது. ஃபார்மன்ட் அளவுகளும் உரசொலிகளின் நிறமாலையும் கருவிக்கும் மென்பொருளுக்கும் ஏற்ப விலகின. அதாவது ஒருவரின் உச்சரிப்பு வேறுபாடு என்று கருதப்படுவது உண்மையில் அவருடைய கருவியின் வேறுபாடாகவும் இருக்கலாம்.

சில நூறு பேரே பேசும் மொழியில் ஒரு மூதாட்டியின் குரலை மறுமுறை பதியும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. பதிவுக் குறிப்புகளில் பேசியவர், ஊர், நாள் ஆகியவை இடம்பெறுகின்றன. எந்த மாற்றி வழியாக, எந்த வீதத்தில், எந்தத் திருத்தங்கள் இயங்கிய நிலையில் அக்குரல் எண்ணாயிற்று என்பது பலவற்றில் இல்லை. அந்த ஒரு வரி இருந்தால் எளிய கருவியில் பதிந்த குரலும் பயன்படும். பின்வருவோர் அதன் எல்லையை அறிந்து அளப்பர். அது இல்லையேல், அவர்கள் அளப்பது மொழியையா, மலிவான ஒரு சில்லையா என்பதைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்.