ஹெரால்டுக்குள் எந்த எஞ்சின்?

மதுராந்தகத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் வண்டலூர். அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. கடைசிவரை 948 சி.சி. எஞ்சின்தான்! சோழவரம் பந்தயப் பிரியர்களுக்கு இது போதுமா என்ன?

இங்கிலாந்தில் அதே எஞ்சின் 1147, பிறகு 1296 சி.சி. என வளர்ந்தது. மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான், போர் மட்டும் 63, 69.3, 73.7 என மாறும். வெளிப்பார்வைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

ஆகவே பழைய ஹெரால்டு வாங்குபவர்கள் ஹெட்டைக் கழற்றி போரை அளக்க வேண்டும். தேய்மானத்துக்கு ரீபோர் செய்தால் ஒன்றரை மி.மீ.க்குள்தான் கூடும். 69க்கு மேல் காட்டினால் யாரோ வேகத்துக்காக எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள்!

ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் 948 என்றே இருக்கிறதா? எஞ்சின் மாற்றத்தைப் பதிந்தாக வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். மாற்றியவர் போய்விடுவார், மாட்டுவது வாங்கியவர்தான்.