கடுங்குளிரில் துப்பாக்கிகள்

கடுங்குளிர் போர்வீரனை மட்டுமன்றி அவன் கையிலுள்ள ஆயுதத்தையும் முடக்கவல்லது. 1939 முதல் 1950 வரை நடந்த மூன்று குளிர்காலப் போர்கள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

காரணங்கள்

துப்பாக்கியின் அசையும் பாகங்களுக்கு இடப்படும் மசகெண்ணெய் கடுங்குளிரில் பசைபோல் இறுகிவிடும். இதனால் தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசி மெதுவாக நகரும்; தோட்டா வெடிக்காமல் போகலாம். எஃகின் நொறுங்கும் தன்மையும் கூடுவதால் ஊசியும் சுருள்வில்லும் முறியக்கூடும். குளிரில் வெடிமருந்து மெதுவாக எரிவதால் குண்டின் வேகம் குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால் குண்டுக்குத் தடையும் மிகுதி. எனவே குண்டு இலக்குக்குச் சற்றுக் கீழே தாக்கும். வெளியிலிருந்து வெப்பமான அறைக்குள் கொண்டுவரப்படும் துப்பாக்கியின்மேல் ஈரம் படியும். மீண்டும் வெளியே எடுத்துச் சென்றால் அந்த ஈரமே பனிக்கட்டியாகிப் பாகங்களை இறுக்கிவிடும்.

பின்லாந்து, 1939–1940

1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. அந்தக் குளிர்காலத்தில் சில இடங்களில் வெப்பநிலை மைனஸ் 40 பாகை செல்சியசு வரை இறங்கியது. பின்லாந்தினர் இத்தட்பவெப்பத்துக்குப் பழகியவர்கள். அவர்களுடைய மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியின் ஒரு வகையில், குழலைக் குளிர்விக்கும் நீர்க்கலத்தின் வாய் அகலமாக்கப்பட்டிருந்தது. நீர் கிடைக்காதபோது வெண்பனியையே அதனுள் அள்ளிப் போடலாம். பின்னர் சோவியத் படையும் தன் மாக்சிம் துப்பாக்கிகளில் இவ்வமைப்பைக் கையாண்டது.

மாஸ்கோ, 1941

1941 சூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்த செருமனி, குளிர்காலத்துக்குள் போர் முடிந்துவிடும் என எண்ணியது. திசம்பர் தொடக்கத்தில் மாஸ்கோவின் அருகே வெப்பநிலை மைனஸ் 30 பாகைக்கும் கீழே சென்றபோது, செருமானிய இயந்திரத் துப்பாக்கிகளில் எண்ணெய் இறுகியது. பீரங்கிகளின் பின்னுதைப்பைத் தாங்கும் அமைப்பிலிருந்த திரவமும் கெட்டியானது. வீரர்கள் எண்ணெயைத் துடைத்து நீக்கியும், மண்ணெண்ணெய் கலந்து இளக்கியும் சமாளிக்க முயன்றனர். திசம்பர் 5 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியது.

செருமானியரைக் குளிரே தோற்கடித்தது என்று கூறுவது முழு உண்மையன்று. குளிர் இரு தரப்புக்கும் ஒன்றே. நீண்ட வழங்கல் பாதையும் பெரும் ஆளிழப்பும் செருமானியரை அதற்கு முன்பே களைப்படையச் செய்திருந்தன. தயாரிப்பின்மையே குளிரை அவர்களுக்குப் பகையாக்கியது.

கொரியா, 1950

1950 நவம்பர் 27 அன்று கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் சீனப் படை அமெரிக்கப் படையைத் தாக்கியது. இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 பாகை அளவுக்கு இறங்கியது. எடை குறைந்த எம்1 கார்பைன் துப்பாக்கி அடிக்கடி செயலிழந்ததால் வீரர்கள் அதன்மேல் நம்பிக்கை இழந்தனர். வலுவான எம்1 காரண்டு துப்பாக்கி ஒப்பளவில் நன்கு இயங்கியது. உறைந்து கல்லாகியிருந்த தரையின்மேல் சுட்டபோது மோர்ட்டார்களின் அடித்தட்டுகள் விரிசலிட்டன.

படிப்பினை

மிகக் குறைந்த அளவில் குளிர்கால எண்ணெய் இடுதல், துப்பாக்கியைக் கூடாரத்துக்கு வெளியே உறையிட்டு வைத்தல், குழல்வாயில் பனி புகாமல் மூடுதல், அவ்வப்போது பாகங்களை அசைத்துப் பார்த்தல் ஆகியவை இப்போர்கள் உறுதிப்படுத்திய எளிய நடைமுறைகளாகும். இவற்றை முன்கூட்டியே அறிந்திருந்த படைக்கு இவை வழக்கம். அறியாத படையோ இவற்றை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது.