ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முதுமையும் பதவி விலகலும்

ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது. அந்நாட்டு அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவியில் நீடிக்கலாம் என்று மட்டுமே கூறுவதால், தாமாக விலகும் நாளோ இறக்கும் நாளோதான் ஒருவரது பதவிக்காலத்தின் முடிவாக அமைகிறது. பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்ட, செனட் சபை விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் பதவி நீக்கம் செய்யும் முறை ஒன்று உண்டெனினும், அது குற்றம் இழைத்தவர்களுக்காக வகுக்கப்பட்டதேயன்றி நோயுற்றவர்களுக்காக அன்று. ஆகவே தளர்ந்துபோன நீதிபதி எப்போது விலகுவார் என்பதில், நோயின் கடுமையைவிட ஓய்வூதியமும் அரசியலும் கூடுதலாகச் செல்வாக்குச் செலுத்தி வந்துள்ளன.

தொடக்கக் காலத்தில் பதவியை விட்டால் ஊதியமும் நின்றுவிடும் என்பதால், நடமாட இயலாதவர்களும் ஒட்டிக்கொண்டிருந்தனர். 70 வயதும் 10 ஆண்டுப் பணியும் நிறைவுற்றவர் விலகினால் முழு ஊதியத்தை வாழ்நாள் முழுவதும் பெறலாம் என 1869இல் சட்டம் இயற்றப்பட்டதும் நிலைமை மாறத் தொடங்கியது. பக்கவாதத்தால் நலிவுற்றிருந்த ராபர்ட் கிரியரைச் சக நீதிபதிகள் அவ்வாண்டு இறுதியில் நேரில் கண்டு வற்புறுத்த, அவர் 1870 ஜனவரியில் விலகினார். அவரிடம் தூது சென்றவர்களுள் ஒருவரான ஸ்டீபன் ஃபீல்டு, தமக்கும் அதே முதுமை வந்தபோது பிறர் அந்தப் பழைய நிகழ்ச்சியை நினைவூட்டியும் அசையாமல், 1897 வரை பதவியில் இருந்தார் என்பது இவ்வரலாற்றின் முரண். 1879இல் பக்கவாதம் தாக்கிய வார்டு ஹன்டுக்கு 10 ஆண்டுப் பணி நிறைவுறாததால், அவருக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்ட 1882 வரை அவரது இருக்கை வெறுமையாகவே கிடந்தது. இன்று 65 வயதிலிருந்தே, வயதும் பணியாண்டுகளும் சேர்ந்து 80 ஆனால் முழு ஊதியம் உண்டு. ஆதலால் பொருளாதார நெருக்கடி காரணமாக எவரும் நீடிப்பதில்லை.

வில்லியம் டக்ளஸின் நிகழ்வு இச்சிக்கலை முழுமையாகக் காட்டுகிறது. 36 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதவி வகித்து, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனைக்கு உரியவரான அவரை, 1974 டிசம்பர் 31 அன்று பஹாமாஸ் தீவுகளில் பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியில் நீதிமன்றத்திற்குத் திரும்பிய அவரால் விசாரணைகளில் நெடுநேரம் அமர இயலவில்லை. அவரது வாக்கே முடிவை நிர்ணயிக்கும் வழக்குகளை ஒத்திவைப்பதென ஏனைய நீதிபதிகள் தமக்குள் இசைந்தனர். 1924இல் ஜோசப் மெக்கென்னாவின் விஷயத்திலும் இத்தகைய ஏற்பாடே செய்யப்பட்டது. ஒரு நீதிபதியின் வாக்கைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு சக நீதிபதிகளுக்கு வழங்கவில்லை என்று டக்ளஸின் சக நீதிபதி பைரன் வைட் மட்டும் கடிதம் எழுதி எதிர்ப்பைப் பதிவு செய்தார். சட்ட நோக்கில் அவர் வாதமே வலுவானது. 1970இல் தம்மைப் பதவி நீக்க முயன்ற ஜெரால்டு ஃபோர்டு இப்போது குடியரசுத் தலைவராக இருந்து தம் இடத்தை நிரப்பப்போவது டக்ளஸுக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. 1975 நவம்பரில் விலகிய பின்னரும், அவர் வழக்குகளில் பங்கேற்க முயன்றார்.

பிற்காலத்தில் புற்றுநோய் இத்தகைய கணக்குகளில் முன்னிடம் பெற்றது. தைராய்டு புற்றுநோய் வெளிப்பட்ட பிறகும் பணியாற்றிய தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் 2005 செப்டம்பரில் பதவியிலேயே இறந்தார். 1999இலும் 2009இலும் புற்றுநோய் சிகிச்சை பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க், தம் கருத்துக்கு இசைந்த பராக் ஒபாமா குடியரசுத் தலைவராக இருந்தபோதே விலகலாம் என்ற வலியுறுத்தல்களை ஏற்கவில்லை. 2020 செப்டம்பர் 18 அன்று 87 வயதில் அவர் இறந்ததும், டொனால்டு டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பேரட் ஆறு வாரத்திற்குள் அவ்விடத்திற்கு வந்தார். மறுமுனையில், 2010 ஜனவரியில் தம் மறுப்புத் தீர்ப்பை, அதாவது பெரும்பான்மைக்கு மாறான கருத்தை, வாசிக்கையில் நா தடுமாறியதைக் கவனித்த ஜான் பால் ஸ்டீவன்ஸ், மருத்துவரை அணுகியபின் அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில், இயலாமைக்கு உள்ளான நீதிபதிகள்மீது சக நீதிபதிகளே விசாரணை நடத்த 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுக்கிறது. உச்ச நீதிமன்றத்திற்கு அது பொருந்தாது. வயது வரம்பு உள்ள நாடுகளிலும் பூசல் இல்லாமலில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதிலும் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதிலும் ஓய்வு பெற வேண்டும் என்பதால், அங்கே சர்ச்சை பிறந்த தேதியைப் பற்றி எழுந்தது. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயதில் ஐயம் தோன்றினால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் முடிவு செய்ய வேண்டும் என்று 1963இல் 15ஆம் திருத்தம் விதித்தது.