எலி வைரஸை குரங்குக்கு செலுத்தினது ஏன்? எக்ஸ்எம்ஆர்வி குழப்பம் தீர்ந்தது எப்படி?

2009 அக்டோபரில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு பெரிய பரபரப்பை கிளப்பியது. மாதக்கணக்கில் தீராத களைப்பு நோயால் அவதிப்படுபவர்களில் 67 சதவீதம் பேரின் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி வைரஸ் இருக்கு என்றது அந்த ஆய்வு. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் வைரஸின் நெருங்கிய சொந்தம் இது. பயந்துபோன சில நோயாளிகள் ஹெச்ஐவி மாத்திரைகளையே சாப்பிட ஆரம்பித்தார்கள்.

சிக்கல் எங்கே?

மற்ற ஆய்வகங்களில் தேடியபோது வைரஸ் சிக்கவில்லை. பிசிஆர் சோதனையில் துளி எலி டிஎன்ஏ கலந்தாலே 'பாசிட்டிவ்' காட்டிவிடும். அதனால் ஆன்டிபாடியை தேட வேண்டியிருந்தது. வைரஸ் வந்து போனதுக்கு உடம்பு வைத்திருக்கும் சாட்சி அது. ஆனால் நிஜமாவே தொற்று ஏற்பட்ட ரத்தம் எப்படி இருக்கும்னு தெரிந்தால்தானே ஒப்பிட முடியும்? அப்படி உறுதியான மனிதர் யாருமே இல்லை.

குரங்குகள் காட்டியது என்ன?

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகமும் அபாட் நிறுவனமும் ரீசஸ் குரங்குகளுக்கு வைரஸை செலுத்தின. சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. ஆனால் ஆன்டிபாடிகள் அதன் பிறகும் தெரிந்தன. வைரஸின் மேலுறையில் உள்ள ஜிபி70, பி15இ, உள்கூட்டில் உள்ள பி30 ஆகிய புரதங்களுக்கு எதிராக அவை உருவாகியிருந்தன. இதை அளவுகோலாக வைத்து தயாரான சோதனையில், ரத்ததானம் செய்தவர்களின் மாதிரிகள் கிட்டத்தட்ட எல்லாமே 'நெகட்டிவ்'.

வைரஸ் வந்தது எங்கிருந்து?

1990களில் மனிதரின் புராஸ்டேட் புற்றுக்கட்டியை ஆய்வக எலிகளில் வைத்து வளர்த்தார்கள். அப்போது எலியின் மரபணுவில் இருந்த இரண்டு வைரஸ் துண்டுகள் ஒன்று சேர்ந்து உருவானதுதான் எக்ஸ்எம்ஆர்வி என்று 2011இல் தெரியவந்தது. அதே டிசம்பரில் 'சயின்ஸ்' இதழ் 2009 ஆய்வை திரும்பப் பெற்றது.

கடைசி முடிவு

2012இல் 147 நோயாளிகளையும் 146 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டார்கள். வைரஸின் மரபணு ஒருத்தரிடமும் இல்லை. ஆன்டிபாடி சோதனையில் இரு தரப்பிலும் தலா 9 பேருக்கு 'பாசிட்டிவ்'. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்ணிக்கை என்பதால், அதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்பது உறுதியானது.

வைரஸ் மீதான சந்தேகம் தீர்ந்தது. நோயாளிகளின் களைப்பு மட்டும் நிஜம். அதற்கான காரணத்தை தேடும் வேலை தொடர்கிறது.