கொலம்பியாவின் கருகிய வன்தட்டு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே நமக்குப் போதிக்கப்பட்டு வந்துள்ளது. கண்டது அழிந்துவிடாமல் காத்தவர்களுக்கு அதில் இடம் அரிது. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இக்கோணத்திலிருந்து நோக்குவது பயனுடைத்து.

அவ்வாண்டு ஜனவரி 16ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் எழுவருடன் புறப்பட்டது. ஏவப்பட்ட ஏறத்தாழ 82ஆவது செக்கனில், வெளித் தாங்கியிலிருந்து கழன்ற நுரைக்காப்புத் துண்டொன்று இடது சிறகைத் தாக்கியது. சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டுமெனப் பொறியியலாளர் ஒரு தடவைக்கு மேலாகவே கேட்டனர், நிருவாகம் இணங்கவில்லை. பெப்ரவரி 1ஆம் திகதி, தரையிறங்கச் சுமார் 16 நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது, டெக்சாஸ் வானில் விண்ணோடம் சிதறியது. எழுவரும் மாண்டனர். விபத்துக்கு நுரைத் துண்டு எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு நிறுவனத்தின் போக்கும் காரணமென விசாரணைச் சபை அவ்வாண்டு ஆகஸ்டில் எழுதிற்று. கீழிருந்து எழும் குரல் மேலே செல்லாத கந்தோர்களை நாமும் அறிவோம்.

சிதைவுகளைத் தேடும் பணியில் ஏறத்தாழ 25,000 பேர் ஈடுபட்டனர். தொண்டர்கள், காட்டுத்தீ அணைக்கும் தொழிலாளர், செவ்விந்தியக் குழுவினர் எனப் பலரும் வரிசையாக நின்று காடும் சேறும் கால்நடையாய் அளந்தனர். தேடச் சென்ற உலங்குவானூர்தி ஒன்று மார்ச்சில் வீழ்ந்ததில் இருவர் உயிரிழந்தனர். திரட்டப்பட்ட துண்டுகள் சுமார் 84,000. விண்ணோடத்தின் எடையில் அவை ஐந்தில் இரண்டு பங்களவே. ஆறு மாதமளவில், வற்றிய ஏரியொன்றின் படுக்கையில் கண்டெடுக்கப்பட்ட உலோகக் கட்டியில் ஒரு கணினி வன்தட்டு இருந்தது.

அதில் அடங்கியிருந்தது செனன் வாயுவைப் பற்றிய ஒரு பரிசோதனை. ஏறத்தாழ 17 பாகை செல்சியசாகிய தன் அவதி வெப்பநிலையை அண்மிக்கையில் அவ்வாயு கலக்கப்பட்டால் அதன் பிசுக்குமை குறையுமா என்பதே கேள்வி. தூரிகையில் தடித்து நிற்கும் வண்ணப் பூச்சு இழுக்கும்போது இளகுவதை நாம் காண்கிறோமல்லவா, அத்தகைய இயல்பு அது. புவியில் அந்நிலையிலுள்ள செனன் தன் பாரத்தாலேயே கீழே நெருங்கிவிடும். ஆகையால் எடையற்ற வெளி வேண்டியிருந்தது. ரொபேட் பேர்க் என்னும் பௌதிகவியலாளரும் அவர் துணைவரும் பல ஆண்டுகள் உழைத்துத் திட்டமிட்டது இது. அளவீடுகளில் ஒரு பகுதி பறப்பின்போதே வானொலி வழியாகத் தரைக்கு வந்திருந்தது. எஞ்சியது அக்கட்டிக்குள்.

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகளின் அடுக்கு. அவை சுழல, வாசிப்புத் தலை மேற்பரப்பைத் தொடாமல், மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்லும். ஒரு தூசித் துணிக்கையே அதற்கு எமனாகும். இங்கோ உறை கருகியிருந்தது. தூசியைத் தடுக்கும் அடைப்பு உருகி மண் உட்புகுந்திருந்தது. மின்சுற்றுப் பலகையின் உறுப்புகள் எரிந்திருந்தன. ஆயினும் தகடுகள் வளையவில்லை. விண்ணோடம் உடைந்த வேளையில் அவை சுழலவுமில்லை.

மினசோட்டா மாநிலத்தின் தரவுமீட்பு நிறுவனமொன்றில் ஒரு பொறியியலாளர் அத்தகடுகளை வேறாக்கி, இரசாயனத் திரவத்தால் கழுவி, புதிய வன்தட்டொன்றின் உடலில் பொருத்தினார். இரண்டு நாள் வேலை. அதிர்ஷ்டமும் துணை நின்றது. அக்கணினி பழைய டொஸ் முறையில் இயங்கியது. அம்முறை தரவுகளைத் தகடெங்கும் சிதறவிடாது. கொள்ளளவில் பாதியளவே நிரம்பியிருந்தது. தகட்டில் விழுந்த குழிகளோ எழுதப்படாத பகுதியில் இருந்தன. அன்றைய சந்தைக்குக் காலாவதியான முறையொன்று, புதியது காத்திருக்கமுடியாததைக் காத்தது! தரவுகளில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டது.

முடிவுகள் 2008 ஏப்ரலில் ஒரு பௌதிகச் சஞ்சிகையில் வெளிவந்தன. செனனின் பிசுக்குமை குறைந்தமை அதில் நிறுவப்பட்டிருந்தது. கொலம்பியாவிலிருந்து வேறு இரு வன்தட்டுகளும் அப்பொறியியலாளரின் மேசைக்கு வந்தன. அவற்றிலிருந்து எதுவும் மீளவில்லை.